கடைசிக் கையகலப் பட்டை

தென்கோளத்தின் ஆகஸ்ட் குளிரில் லபாச்சோ மரம் ஓர் இலைகூட இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. கிழக்குப் பக்கம் மட்டுமே பட்டை உரிப்பது ஊர்வழக்கம். ஆனால் இந்தக் குளிரில் இருமல் இல்லாத வீடே இல்லை. கஷாயத்துக்காக ஆளாளுக்கு வந்து அடிமரத்தைச் சுற்றி உரித்துவிட்டார்கள். மிச்சம் ஒரு கையகலம். அதில் எலிஹியா கத்தியை வைக்கிறாள். "அண்ணி, அதையும் எடுத்தா மரம் பட்டுப்போயிடும்," என்கிறான் சட்டியை ஏந்தி நிற்கும் கொழுந்தன் லிபோரியோ. "மரத்துக்கு வக்காலத்து வாங்குறியே, உங்கண்ணனுக்கு யாரு வாங்குவா? சட்டிய ஒழுங்காப் புடி." வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவனின் இருமல் விடாமல் கேட்கிறது. கத்தி பட்டையில் பாதி இறங்கும்போது இருமல் சட்டென்று நின்றுபோகிறது. இருவருமே வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காலிச் சட்டிக்குள் பூக்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன.