நடந்தே வரும் மெனிக்

"எங்கடி இருக்கே?" ஹெட்போனில் கத்தினாள் ரெத்னோ.

"ஆத்துப் பாலம் தாண்டிட்டேன்க்கா. இதோ வந்துட்டேன்" என்றாள் மெனிக்.

"அரை மணி நேரமா இதையேதான் சொல்றே! தாவுகல்லைத் தொட்டா அடுத்த நொடி இங்க நிப்பே. நடந்தே வர்றேன்னு ஏதாவது வேண்டுதலா உனக்கு?"

அதே செல்போன் விளையாட்டில் இருந்த மூன்றாவது ஆட்டக்காரன் விஸ்னு சிரித்தான். "விடுங்கக்கா, வழியில பூ பறிச்சுக்கிட்டிருப்பா."

ரெத்னோவுக்குச் சிரிப்பு வரவில்லை. மலாங் நகரத்தில் வாரம் ஆறு நாள் கல்லூரிப் பிள்ளைகளின் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, இடுப்பு ஒடிகிறவள் அவள். ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் அவளுக்கென்று இருப்பது. செல்போனில் இந்த ஆட்டம், தட்டில் வாழைப்பழ பஜ்ஜி.

மூன்று பேரும் வாசலில் நின்றால்தான் டிராகன் கோட்டைக் கதவு திறக்கும். நாலரைக்கு மூடிவிடும். மூன்று வாரமாக மெனிக் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் மூடிக்கொண்டது. கோட்டை திறக்கும் டிராகன் விழாவே இன்றோடு முடிகிறது.

"மூணு வருஷமா ஆடறா. அவ கால் படாத ஊரே கிடையாது. எந்தக் கல்லுக்கு வேணும்னாலும் தாவலாம். வேணும்னே பண்றாடா!" என்றாள் விஸ்னுவிடம்.

உள் ரூம் கதவு சாத்தியிருந்தது. வேன் ஓட்டும் புருஷன் தெகு, லீவு நாளானால் போனும் கையுமாக அங்கே படுத்துவிடுவான். என்ன ஆடுகிறாய் என்று ஒருநாள் கேட்டதில்லை. அந்த எரிச்சல் வேறு.

மணி நாலு இருபத்தஞ்சு.

"மெனிக், போதும்மா. உன் பேரை நம்ம குழுவுல இருந்து எடுக்கறேன்."

"அக்கா, அக்கா! ரெண்டே நிமிஷம்! பன்னிக் கூட்டம் வளைச்சுக்கிச்சு!"

"உன்னை எந்தப் பன்னிடி தொடும்? ஒரே அடியில சாய்க்கிறவ நீ!"

ரெத்னோவின் விரல் பட்டன் மேலே போன நேரம், மெனிக் மலைப்பாதையில் தென்பட்டாள். கவசம் கிழிந்து, உயிர் கொஞ்சூண்டு ஊசலாட, நொண்டிக்கொண்டு வந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு உருவம். கந்தல் சட்டை, கையில் ஒரு குச்சி. நேற்றுப் பிறந்த ஆட்டக்காரன்!

"யாருடி இது?"

"புதுசுக்கா. நடந்து போய்த் தொடாத கல்லு யாருக்குமே வேலை செய்யாதே? இவருக்கு எல்லாமே புது ஊரு. நான் தாவிட்டா இவரு தனியா நடக்கணும். பத்தடிக்கு ஒருதரம் செத்துப் போறாருக்கா! இவருக்கு விழற அடியெல்லாம் நான்தான் வாங்கிக்கறேன்."

"அதுக்காக மூணு வாரமா என்கிட்ட திட்டு வாங்கினியா? சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருக்கா."

அந்தக் கந்தல் சட்டை தொண்டையைச் செருமியது. "ஞாயித்துக்கிழமையானா நீ சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க வந்தேன்."

குரல் ஹெட்போனிலும் கேட்டது. சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

ரெத்னோ எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தெகு போனோடு அசட்டுத்தனமாகச் சிரித்தான். அவளுக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் முட்டின.

"அக்கா! கோட்டை மூடப்போகுது, உள்ள ஓடுங்க!" விஸ்னு அலறினான்.

"மூடினா மூடட்டும்டா" என்றாள் ரெத்னோ, புருஷன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி. "ஆட்டத்துல இவரு கால் படாத கடற்கரை ஊரைக் காட்டணும். நீயும் வாடி மெனிக், நடந்தே போலாம்."