இண்டெக்ஸ் போன டேப்

“மறுபடியும் இண்டெக்ஸ் போச்சா, சார்?” கைப்பையை மேசையில் வைத்தபடியே கேட்டாள் சுதா.

“இன்னா மேடம் பண்றது? இந்த மெஷினுக்கு நேரமே சரியில்ல.” பூபாலன் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். “லேட்டாயிடுச்சே, வரமாட்டீங்களோன்னு நெனச்சேன்.”

“அண்ணனூர்ல டிரெயினை இருபது நிமிஷம் நிறுத்திட்டான்.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜன்னலே இல்லாத ஒரு பின்னறை அது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய பாலிசி விவரமெல்லாம் காந்த டேப்புகளில் பதிந்து அங்கே அடுக்கியிருந்தது. டேப்புகளுக்குக் காவல், வைத்தியம் எல்லாம் பூபாலன் ஒருவர்தான். எந்தக் கோப்பு டேப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்வது இண்டெக்ஸ். அது சிதைந்தால் கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும், இடம்தான் தெரியாது. டேப்பை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டு இண்டெக்ஸைப் புதிதாக எழுத மூன்று மணி நேரம் பிடிக்கும். அதுவரை இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் கூடவே உட்கார்ந்திருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆவடி கிளையிலிருந்து சுதா வருவாள்.

மூன்று மணி நேரம் இரண்டு பேர் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பேச்சு மாங்காட்டுக் கோயில் கூட்டத்தில் தொடங்கி முட்டிவலியில் வந்து நிற்கும்.

பூபாலனின் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டில் அவரும் டி.வி.யும்தான். வெளிநாட்டிலிருக்கும் மகள் கார்த்திகா ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். நாலாவது நிமிஷம் ‘வேற என்னப்பா?’ என்பாள். மற்ற நாளில் அதைக் கேட்கவும் ஆளில்லை. சுதாவின் கணவர் ஆவடி பேக்டரியில் வேலையிலிருக்கும்போதே இறந்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பட்டாபிராமில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள்.

டேப் ஓடத் தொடங்கியதும் சுதா குரலைத் தாழ்த்தினாள்.

“சார், ரெண்டு மாசத்துல இது ஒன்பதாவது தடவை. சரிபண்ணின டேப்பே திரும்பவும் கெடுதுன்னு மேலிடத்துல கடுப்பாயிட்டாங்க. இன்னிக்கு இன்ஜினியர் வர்றாரு. மெஷின் கோளாறுன்னா மாத்திடுவாங்க. ஆள் தப்புன்னா...”

“ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க.” பூபாலன் முடித்து வைத்தார். வேலை போனால் பகல் பொழுதும் டி.வி.யோடுதான்.

சொல்லி வாய் மூடவில்லை, இன்ஜினியர் சரண் வந்துவிட்டார். லேப்டாப்பைச் சொருகி அரைமணி நேரம் துருவினார்.

“மெஷின் கல்லு மாதிரி இருக்கு. கரண்டும் போகல. டேப் வெளிய வர்றதுக்கு முன்னாடி கடைசியா இண்டெக்ஸை எழுதும். எழுதி முடிக்கிறதுக்குள்ள யாரோ சுவிட்சை அணைச்சிருக்காங்க. ஒன்பது தடவையும்! தேதி பதிவாகல, எண்ணிக்கைதான் இருக்கு. யாருங்க அது?”

பூபாலன் டேப் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான்தான்,” என்றாள் சுதா. “வேலை முடிஞ்சதும் இவர் எனக்கு டீ வாங்கப் போவாரு. டிரெயினைப் பிடிக்கிற அவசரத்துல நான் அணைச்சிடுவேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது சார்.”

சரண் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாம நடந்ததுன்னே எழுதிடறேன். இனிமே சுவிட்ச் பக்கம் போகாதீங்க, மேடம்.” லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவமானத்தில் பூபாலனுக்குக் காது சுட்டது.

“எனக்காவ ஏன் மேடம் பொய் சொன்னீங்க? அணைச்சது நான்தான். இண்டெக்ஸ் போனாத்தானே நீங்க வருவீங்க... ஒரு வார்த்தை பேச ஆளில்லாம பைத்தியம் புடிக்கிற மாதிரி கீது. ஆனா சத்தியமா நாலு தடவைதான். மீதி அஞ்சும் மெஷின் கோளாறுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

சுதா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் முகம் சிவந்துபோயிற்று.

“நான் பொய் சொல்லல, சார்,” என்றாள் மெதுவாக. “அந்த அஞ்சும் நான்தான். தெரிஞ்சேதான் அணைச்சேன்.”