நூறு சதவீதம்

மாடு தின்ற தீனியையும் போட்ட சாணத்தையும் சூத்திரத்தில் இட்டு, எவ்வளவு செரித்தது என்று கணக்கிடுவது ஆர்த்தியின் வேலை. அடி அண்ணாமலை கிராமத்தில் எந்த மாடும் எழுபது சதவீதத்தைத் தாண்டியதில்லை. அங்கே மாடு வளர்க்கும் வெள்ளையம்மாள் தினமும் போனில் சொல்லும் அளவுகளுக்கு மட்டும் எட்டு நாளாக நூறு வந்தது. தீனி ஆறு கிலோ, மிச்சம் இல்லை, சாணம் இல்லை.

ஆர்த்தி நேரில் போனாள்.

“மாடு எங்கக்கா?”

“செத்து எட்டு நாளாச்சும்மா, செனையோட. கை பழகிப்போச்சு, தீனி மட்டும் வெச்சுடறேன். காலையில பார்த்தா தொட்டி காலியா இருக்குது. நீங்க அளவுதானே கேட்டீங்க?”

வெறும் முளையில் கயிறு கிடந்தது. பக்கத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் சாணம். பிறந்த கன்று முதன்முதலில் போடுவது. ஆர்த்தி அதை அள்ளித் தராசில் வைத்தாள். நூற்றிருபது கிராம். இன்னும் சூடு ஆறவில்லை.