கவனிக்கப்பட்டவள்

"மூணு வாரத்துல நூத்திப் பதினேழு தடவை ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கா. கேள்வியை முழுசாக் கேக்குறதுக்குள்ள நாப்பத்தியொரு தடவை பதில் சொல்லியிருக்கா. தன் கணக்கை முடிச்ச கையோட பக்கத்துல இருக்கிறவ நோட்டுல தலையை விட்டது இருபத்தியாறு தடவை."

ஆராய்ச்சிக்காரி அறிக்கையைப் படித்து முடித்தபோது தலைமை ஆசிரியையின் முகம் பிரகாசித்தது. "நான் வாயால சொன்னா யாரும் நம்பலை. இப்ப நம்பரே சொல்லுது பாருங்க!"

பேச்சு ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஆசிரியர்கள் அறையில் அவளுக்கு 'சூறாவளி' என்று பெயர். நாற்காலியை உதைத்தாள், கரும்பலகைத் துடைப்பானை வீசினாள் என்று வாரம் ஒரு புகார். அவளைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடக் கடிதமும் தயாராக இருந்தது. நடத்தைச் சிக்கல் உள்ள மாணவர்களுக்குப் பள்ளியிலேயே மனநல உதவி தருவதைப் பற்றி ஆராய வந்தவள்தான், மூன்று வார அவகாசத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள்.

ஆராய்ச்சி விதிப்படி அந்தப் பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியக் கூடாது. அந்தப் பெண்ணோடு பேசவும் கூடாது. 'ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்ச்' என்று, வெளியாள் முன்னால் தன் வகுப்பின் பெயர் கெட்டுவிடுமோ என முதல் நாளே கவலைப்பட்ட வகுப்பாசிரியை சொன்ன இடத்தை, கடைசி வரிசையிலிருந்து படிவமும் பேனாவுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் அவள் கண்ணில் பட்டதென்னவோ அணிலை வேடிக்கை பார்க்கும் ஒரு சின்னப் பெண்தான். ஆனால் படிவத்தில் 'கவனச் சிதறல்' என்றொரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் கை சும்மா இருக்குமா? இரண்டாவது வாரத்தில் அந்தப் பெண் தும்மினால்கூட எந்தக் கட்டத்தில் போடலாம் என்று தேடினாள்.

ஏழாம் வகுப்பில் தானும் இப்படித்தான் ஜன்னலே கதியென்று கிடந்தோம் என்பது அவளுக்கு ஒருமுறை நினைவுக்கு வந்தது. அப்போது பின்னால் யாரும் படிவத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நினைப்புக்குக் கட்டம் ஏதும் இல்லாததால் அதை அப்படியே ஒதுக்கிவிட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" தலைமை ஆசிரியை வகுப்பாசிரியையிடம் திரும்பினாள்.

"ஆமா மேடம். அச்சு அசல் அவதான்." வகுப்பாசிரியை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"குழந்தையைச் சொல்லி என்ன ஆகப் போகுது? அவ அம்மாவைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேக்கணும். பெத்துட்டாப் போதுமா? பொண்ணு என்ன பண்றா, எங்க உட்கார்ந்திருக்கான்னு ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா?" என்றாள் தலைமை ஆசிரியை.

"அம்மாவைத் திட்டி என்ன மேடம் ஆகும்? வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு ஆலோசகர் வந்து அவகிட்டப் பேசட்டும். கோபம் வந்தாப் போய் உட்கார அமைதியா ஒரு அறை குடுங்க. ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க," என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"ஒரு வருஷமா? நல்லா இருக்கே! நூத்திப் பதினேழு தடவைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, வெச்சுக் காப்பாத்துன்னு எங்கிட்டயே சொல்றீங்களா? உங்க ரிப்போர்ட்டையே கடிதத்தோட சேர்த்துப் பின் பண்ணிடறேன்."

ஆராய்ச்சிக்காரி காப்பாற்றத்தான் எண்ணினாள். எண்ணியதே அந்தப் பெண்ணை வெளியே தள்ளப் போகிறது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவ முகத்தைப் பார்த்துப் பேசுங்க மேடம். கடைசியா எப்ப அந்த கிளாஸ் பக்கம் போனீங்க?"

"எனக்கு ஆயிரம் வேலைங்க. சரி, வரச் சொல்லுங்க. அவ எதிர்லயே போடறேன்."

வகுப்பாசிரியை சட்டென்று எழுந்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வரேன் மேடம்."

"நீங்க உட்காருங்க டீச்சர். ஆயாம்மா போகட்டும்."

"ஏழாம் வகுப்பு, ஜன்னலோரம் மூணாவது பெஞ்ச்," ஆராய்ச்சிக்காரி கதவருகே நின்ற ஆயாம்மாவிடம் சொன்னாள். "இப்பதான் அங்க பார்த்துட்டு வந்தேன்."

"எனக்குக் கொஞ்சம் தலை சுத்துது மேடம்," என்றாள் வகுப்பாசிரியை.

"எல்லாருக்கும்தான் சுத்துது. அந்தப் பொண்ணு பண்ற வேலை அப்படி."

தலைமை ஆசிரியை குனிந்து, கடிதத்தில் அன்றைய தேதியை எழுதத் தொடங்கினாள். ஆயாம்மாவின் பின்னால் சிறுமி உள்ளே வந்தாள். விரலில் மைக்கறை, காதோரம் செருகிய பென்சில். மூன்று வாரமாக முதுகையும் பின்னலையும் பார்த்தே பழகியவளை நேருக்கு நேராகப் பார்த்ததும் ஆராய்ச்சிக்காரிக்கு நெஞ்சு இளகியது. இன்றோடு விதி முடிந்தது. இனி சிரிக்கலாம்.

"வாம்மா, பயப்படாதே," என்றாள். "இவதான் மேடம்."

தலைமை ஆசிரியை நிமிர்ந்தாள். பேனா அப்படியே நின்றது.

சிறுமி பயந்ததாகத் தெரியவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய், தலைமை ஆசிரியையின் தோளில் உரிமையோடு சாய்ந்துகொண்டாள்.

"அம்மா, இந்த ஆன்ட்டி வர்ற அன்னிக்கெல்லாம் மிஸ் எதுக்கு சூறாவளியை லைப்ரரிக்கு அனுப்பிட்டு, என்னை அவ இடத்துல உட்கார வைக்கிறாங்க?"