சுருள்முடி மகாலட்சுமி

வளைகாப்பு முடிந்து திருமானூரிலிருந்து தாய்வீடு வந்திருக்கும் வளர்மதி, ஜன்னல் வெயிலில் மணைமேல் உட்கார்ந்திருக்கிறாள். கை அசையும்போதெல்லாம் கண்ணாடி வளையல்கள் கலகலக்கின்றன. அவள் அம்மா சிந்தாமணி, தன் கழுத்துப் பொற்காசை மஞ்சள் நூலில் கோத்து, அதிலிருக்கும் முகத்துக்குச் சந்தனம் இடுகிறாள். நீண்ட சுருள்முடி கொண்ட அந்த முகம் அவள் பிறந்த வீட்டுப் பெண்களுக்கு மகாலட்சுமி; தலைச்சன் பிரசவத்துக்கு முன் அதைக் கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். அது பழைய பிரெஞ்சு ராஜா ஒருவரின் முகம் என்பது சிந்தாமணியின் கணவர் அரங்கநாதனுக்கு மட்டுமே தெரியும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசுகளைச் சேர்க்கும் பித்தில், மெருகு போடுவதாக வாங்கிப் போனவர், அரியலூர் ஆசாரியிடம் அதேபோல் ஒன்று செய்யச் சொல்லி வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்துவிட்டார். முந்நூறு வருஷத்து அசல் காசு அவருடைய பீரோவில் பஞ்சுக்குள் கிடக்கிறது.

“மெருகு போட்டதுல தாயி முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு,” என்கிறாள் சிந்தாமணி.

“மூக்குதாம்மா நம்ம அப்பா மூக்கு மாதிரி நீளம்.”

“வாயக் கழுவுடி. உன்னைப் பெத்தப்ப எனக்கு நெனவே தப்பிடுச்சு. இவதான் ரெண்டு உசுரையும் காப்பாத்துனா.”

வளர்மதியின் சிரிப்பு அடங்குகிறது. காசை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு கண்களை மூடுகிறாள். சிந்தாமணி மகளின் பின்கழுத்தில் முதல் முடிச்சைப் போடுகிறாள்.

“கட்டாதே, சிந்தாமணி,” என்கிறார் வாசற்படியில் நிற்கும் அரங்கநாதன்.

சுற்றி நின்று குலவையிட வாயெடுத்த உறவுப் பெண்கள் அப்படியே நிற்கிறார்கள்.

“என்னங்க இது, நல்ல காரியத்துல?”

“அது உங்க அம்மா கழுத்துல கிடந்த காசு இல்ல,” என்கிறார் அரங்கநாதன், மகள் முகத்தைப் பார்க்க முடியாமல்.