ஸ்கேனருக்குள் தங்கை

“துணியை அவுக்க வேண்டாம்மா, இந்த மெஷினே பாத்துடும்” என்கிறார் பெண் போலீஸ். கழற்றிய வளையல்கள் தட்டில் கிடக்க, தையல்காரி கைகளைத் தூக்கியபடி அந்தக் குளிர்ந்த கூண்டுக்குள் நிற்கிறாள். மெஷின் முனகிக்கொண்டே அவளைத் தடவிப் போகிறது. கண்ணாடிக்கு அப்பால், நகையைக் காணோம் என்று புகார் கொடுத்த கூடப்பிறந்த அக்கா. “இடுப்புல நல்லாப் பாருங்க மேடம். சின்ன வயசுலேர்ந்து எதையும் அங்கதான் சொருகி வைப்பா.” அன்று அங்கே ஒளிந்திருந்ததெல்லாம் யாருக்கு வந்த காதல் கடிதங்கள் என்பதை மட்டும் அக்கா சொல்லவில்லை. திரையில் இடுப்பெலும்பை ஒட்டி ஏதோ வெள்ளையாகத் துலங்குகிறது. பெண் போலீஸ் குனிந்து பார்க்கிறார். “சாவியாட்டம் இருக்கே, எந்த வீட்டுது?” தூக்கிய கைகளை அவள் இறக்கவில்லை. “எடுத்து வைக்க மறந்துட்டேன் மேடம். எங்க அக்கா வீட்டுச் சாவி. நம்பிக் குடுத்தது.”