உட்பிரிவு மனு

வெளிநாட்டில் இரண்டு வருடம் புவித்தகவலியல் படித்துவிட்டு, நில அளவை அலுவலகத்தில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள் அவள். வந்த சூட்டோடு சூடாக மூத்த சர்வேயர் ஒரு கோப்பை நீட்டினார்.

“புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சிட்டாங்களாம். வீட்டு மனையை ரெண்டா அளந்து பிரிக்கணுமாம். நீங்க படிச்ச படிப்புக்கு இதெல்லாம் ஜுஜுபி, மேடம்.”

அவள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். “நீங்களே அளந்துடுங்க சார்.”

“நானா? நான் சங்கிலி பிடிச்சு அளந்த பழைய ஆளு. பாவம், அந்த மனுஷன்! பொண்டாட்டி பாட்டுக்கு எங்கேயோ போயிட்டா, எத்தனை நாள்தான் தனியாக் கிடப்பான்?”

“அவளும் அங்கே தனியாத்தான் சார் கிடந்தா.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முதல் பக்கத்தோட நிறுத்திட்டீங்க. அடுத்த பக்கத்துல அவ பேரு இருக்கு, படிங்க.”

அவர் புரட்டினார். பெயரைப் படித்தார். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய புது அடையாள அட்டையைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“உனக்கு எந்தப் பக்கம் வேணும்மா?” என்றார், குரல் இறங்கி.

“வாசல் பக்கம் அவருக்கே இருக்கட்டும் சார். என்னைத் தேடி யாரு வரப் போறாங்க?”